ஆடு குடிக்காத தண்ணீர்

முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். என் கையெழுத்து கோணலாக இருக்கும். ஆறாம் வகுப்போடு பள்ளியை விட்டவன்; எந்த இடத்தில் எந்த ‘ற’ வரும் என்பது இன்றும் சந்தேகம்தான். செராஸில் ஓர் அடுக்குமாடி வாசலில் காவல் வேலை. முடித்துவிட்டுக் கிள்ளானில் இருக்கும் வீட்டுக்கு வந்து சேர்ந்தால் பேனா பிடிக்கத் தெம்பு இருக்காது. இத்தனை காலம் எழுதாததற்கு அதுதான் காரணம்.

நான் சிறுவனாக இருந்தபோது நாங்கள் கேரி தீவில், எண்ணெய்க்கான செம்பனைத் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் இருந்தோம். அப்பா பழம் ஏற்றும் லோரி ஓட்டினார். அம்மாவுக்கு மருந்து அடிக்கும் வேலை. புல்லும் பூண்டும் சாகும்படி, முதுகில் டப்பாவைச் சுமந்துகொண்டு மரத்துக்கு மரம் அடித்துப் போக வேண்டும்.

வீட்டுக்குப் பின்னால் பலகைக் கொட்டகையில் ஆடுகள் இருந்தன. அவற்றுக்குத் தண்ணீர் வைப்பதில் அம்மாவுக்கு ஒரு முறை உண்டு. வாளியை உள்ளே வைக்க மாட்டார். வெளிப்பக்கம், ஆட்டின் கழுத்து உயரத்தில் கட்டிவிடுவார். ஆடு சட்டங்களுக்கிடையில் தலையை மட்டும் நீட்டிக் குடிக்கும். வாளிக்குள் காலை விடவோ புழுக்கை போடவோ முடியாது. வேலை விட்டு வந்ததும் வாளியைத் தேங்காய் நாரால் தேய்த்துக் கழுவிய பிறகுதான் உட்காருவார். எங்கள் சாப்பாட்டுத் தட்டுகளுக்குக்கூட அந்த மரியாதை கிடைத்ததில்லை.

ஒரு வெயில் காலத்தில் குழாயில் தண்ணீர் காலையில் மட்டுமே வந்தது. வாளி மத்தியானத்துக்குள் காலியாகிவிடும். தாயாடு ஒன்று அப்போதுதான் இரண்டு குட்டிகள் ஈன்றிருந்தது. அம்மாவின் சிரமத்தைக் குறைக்க நினைத்த அவர் தம்பி, எங்கள் மாமா, எங்கிருந்தோ ஒரு நீலப் பீப்பாயைக் கொண்டுவந்து பாதியாக அறுத்து, சோப்புப் போட்டுக் கழுவி, வாளியைக் கழற்றிவிட்டு, கொட்டகை ஓரம் கல் அடுக்கி அதன்மேல் வைத்தார். நிறையத் தண்ணீர் பிடித்தது. மாமாவுக்குப் பெருமை தாங்கவில்லை.

ஆடுகள் வந்து முகர்ந்தன. தும்மின. திரும்பிப் போய்விட்டன.

“ராஜா வீட்டு ஆடு லா இது! மினரல் வாட்டர்தான் குடிக்கும் போல” என்றார் மாமா. நாங்கள் சிரித்தோம்.

“தாகம் எடுத்தா தானா குடிக்கும்” என்றார் அப்பா. அம்மா அசதியில் படுத்துவிட்டார்.

மறுநாள் சாயங்காலம் வரை ஆடுகள் அந்தத் தண்ணீரைத் தொடவில்லை. தாயாட்டுக்கு மடி வற்றிப்போயிற்று. குட்டிகள் முட்டி முட்டிப் பார்த்துவிட்டுக் கத்தின. பிறகு கத்தவும் முடியாமல் படுத்துக்கொண்டன. வேலை முடிந்து வந்த அம்மா பூட்ஸைக்கூடக் கழற்றாமல் குனிந்து பீப்பாயை முகர்ந்தார்.

“டேய், இத எங்கடா எடுத்தே?”

“ஸ்டோர் பின்னால கெடந்துச்சுக்கா. காலி பீப்பாதான். நல்லா சோப்பு போட்டுக் கழுவிட்டேன்.”

“இது நாங்க அடிக்கிற மருந்து வந்த பீப்பாடா. புல்லையே கருக்கிறது சோப்புக்கா போகும்?”

அம்மா அதைத் தூரமாக இழுத்துப்போய்க் கவிழ்த்தார். எங்கள் குடிதண்ணீர்ப் பானையை எடுத்துவந்து தாயாட்டின் முன் பிடித்தார். அது தலையை எடுக்காமல் குடித்தது. கொஞ்ச நேரத்தில் மடி சுரந்து, குட்டிகளும் எழுந்து முட்டின.

மாமா தலையைச் சொறிந்தார். “நான் என்னாக்கா கண்டேன்? நீ தினமும் அதைத்தானே முதுகுல தூக்கிட்டுப் போறே? ஒனக்கு ஒண்ணும் ஆகலையே?”

“நாளைக்கும் போகணும்” என்று மட்டும் சொன்னார் அம்மா. பிறகு குளிக்கப் போனார்.

குட்டிகள் பிழைத்த சந்தோஷம் எனக்கு. அம்மா குளித்துவிட்டு வந்து சுவரில் சாய்ந்தபோது ஓடிப்போய் மடியில் படுத்தேன். ஆடு முகர்ந்து ஒதுக்கிய அதே நெடி அம்மா மாற்றிக் கட்டிய புடவையிலும் கைகளிலும் இருந்தது. எனக்கு அது புதிதில்லை. அதுதான் அம்மாவின் வாசனை என்று நினைத்து, இன்னும் நெருங்கிப் படுத்துக்கொண்டேன்.

எழுதியது: அம்மாவின் திதிக்கு மறுநாள், சனிக்கிழமை.