வலப்பக்கத்துப் பை

கத்திரி என்ற பெயரை முதன்முதலில் என் பெரிய நாத்தனார் வாயில்தான் கேட்டேன். "எங்க ஓரகத்தியோட தங்கச்சி. தையக்காரி. நாக்கே கத்திரிதான், பாத்துப் பேசு" என்றாள்.

வெள்ளைக்காரன் மூட்டை கட்டிக்கொண்டிருந்த காலம். நாட்டை யார் கையில் கொடுப்பது என்று பெரிய கட்சிக்கும் சின்னக் கட்சிக்கும் அடிதடி. கத்திரியின் புருஷன் அச்சகத்தில் எழுத்துக் கோப்பவன், சின்னக் கட்சிக்காரன். ஒருநாள் முதுகில் கத்திக்குத்தோடு வாசற்படியில் வந்து விழுந்தான்.

"போலீஸ் இல்லடி... பெரிய கட்சித் தலைவரோட மச்சான்" என்றான். அதோடு உயிர் போயிற்று.

மறுநாள் அதே மச்சான் மாலையோடு வந்து நின்றான். "அண்ணன் எங்க கட்சிக்கு வந்துட்டாரு அண்ணி. அதான் போலீஸ் சுட்டுடுச்சு. சட்டை எங்க?"

"எரிச்சுட்டேன்" என்றாள் கத்திரி.

உடம்பைக் கொடியில் சுற்றி ஊர்வலம் போனார்கள். பிறகு கட்சி ஆபீசில், கண்ணாடிப் பெட்டிக்குள், ஒரு ரத்தச் சட்டை வந்து உட்கார்ந்தது. தியாகியின் சட்டையாம். ஊரே கும்பிட்டது.

கத்திரிக்கு ஒரு பார்வை போதும். அவள் புருஷன் இடக்கைக்காரன். கைக்கு வாகாக இருக்கட்டும் என்று அவன் சட்டைக்கெல்லாம் பையை வலப்பக்கம்தான் வைத்துத் தைப்பாள். பெட்டியில் இருந்ததற்கு இடப்பக்கம். நிஜச் சட்டை, அலசாத ரத்தத்தோடு, அவள் மெஷினுக்கு அடியில் துண்டுத் துணி மூட்டைக்குள் கிடந்தது.

ஆனாலும் கட்சி கூப்பிட்ட மேடைக்கெல்லாம் போனாள். மாமியாருக்கு வயிறு எரிந்தது. "என் புள்ளயக் கொன்னவன் கையால மாலை வாங்குறியே, வெக்கமா இல்ல?"

"இன்னும் உசரத்துக்கு ஏறட்டும் அத்தை. விழுந்தா எலும்பு மிஞ்சக் கூடாது."

எது நிஜமான மக்கள் கட்சி என்று முடிவு செய்ய வெள்ளைக்காரக் குழு வந்தது. மைதானம் கொள்ளாத கூட்டம். மேடையில் கண்ணாடிப் பெட்டி. மச்சானே மைக்கை நீட்டினான். "ரெண்டு வார்த்தை சொல்லுங்க அண்ணி."

"இது எவன் சட்டையோ. என் வீட்டுக்காரருக்குப் பை வலப்பக்கம். அச்சகத்துக்காரங்களே, சொல்லுங்க!" மடியிலிருந்த சட்டையை உதறி, முதுகைத் திருப்பிக் காட்டினாள். "இது குண்டு போன ஓட்டையா, கத்தி கிழிச்சதா? குத்தினவன் இதோ, எனக்கு மைக்குப் பிடிக்கிறான்."

"ஆமா, அவ புருஷன் இடக்கைதான்!" என்று அச்சகத்துக்காரர்கள் எழுந்தார்கள். பிறகு கூட்டமே எழுந்தது. குழு பெரிய கட்சியை ஒதுக்கிவிட்டது. மச்சான் ஜெயிலிலேயே செத்தான். சேதி கேட்ட அன்று கத்திரி புதுப்புடவை கட்டிக்கொண்டாள்.

"எங்க தியாகியோட சட்டை, குடும்மா" என்று சின்னக் கட்சியும் வந்து நின்றது.

"அவர் செத்தப்ப எட்டிப் பாக்கல. உங்க பெட்டிக்கும் ஒண்ணு தைச்சுத் தரேன், கூலி வெச்சுட்டுப் போங்க" என்று விரட்டினாள்.

இப்போது ஆஸ்பத்திரிக்குப் பின்தெருவில், மகள் வீட்டு முன்னறையில் இருக்கிறாள். கூடவே அவள் மெஷினும், அதற்கு அடியில் அந்தத் துண்டுத் துணி மூட்டையும்.