பிரசவ அறைக்குள் யார் வருவது?

திருச்சியில் பிரசவத்துக்கு ஆஸ்பத்திரி பார்ப்பதும் கல்யாணத்துக்கு மண்டபம் பார்ப்பதும் ஒன்றுதான் என்று ஐந்தாம் மாதத்தில் எனக்குப் புரிந்தது. கார் நிறுத்த இடம் உண்டா, லிப்ட் ஓடுகிறதா, சாப்பாடு எப்படி, வருகிறவர்களுக்கு நாற்காலி போதுமா என்று எல்லாவற்றையும் விசாரிப்பார்கள். மண்டபத்திலாவது மணப்பெண்ணை ஒருமுறை மேடைக்கு அழைத்து உட்காரவைப்பார்கள். இங்கே பிள்ளை பெறப்போகிறவள் கைப்பையைப் பிடித்துக்கொண்டு ஓரமாக நிற்க வேண்டியதுதான்.

நான் பொன்மலைக்காரி. அப்பா ரயில்வே பணிமனையில் இருந்து ஓய்வு பெற்றவர். நான் காதலித்து வாழ்க்கைப்பட்டதோ ஸ்ரீரங்கத்தில் கோயில் மதிலுக்கு உள்ளேயே இருக்கும் ஓர் ஐயங்கார் வீட்டில். மாமியார் என்னை மருமகளாக ஏற்றுக்கொள்ள ஒரு வருடம் ஆனது. அவருடைய சமையலறை என்னை ஏற்றுக்கொள்ள இன்னும் கொஞ்சம் கூடுதலாக ஆனது. ஆனால் வயிற்றில் பிள்ளை என்று தெரிந்த நாளிலிருந்து நான் இரண்டு வீட்டுக்கும் பொதுச்சொத்து ஆகிவிட்டேன்.

எனக்கு ஒரே ஒரு பயம் இருந்தது. வலி இல்லை. வலிக்கும்போது தனியாகக் கிடப்பது. என்னோடு வேலை பார்க்கும் தோழி ஒருத்தி, தன் பிரசவத்தைப் பற்றிச் சொல்லும்போது வலியைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. "கூரையில ஒரு டியூப் லைட் மினுக்கு மினுக்குன்னு எரிஞ்சிட்டே இருந்துச்சுடி. அதைத் தவிர எனக்குன்னு ஒரு ஆளு இல்ல" என்றாள். அன்றிலிருந்து அந்த டியூப் லைட் என் தலைக்குள் எரிய ஆரம்பித்தது. பிரசவ அறைக்குள் என் ஆள் ஒருவர் என்னோடு இருக்க வேண்டும். அதற்கு இடம் கொடுக்கிற ஆஸ்பத்திரி வேண்டும். நான் கேட்டது அவ்வளவுதான்.

முதலில் போனது தில்லை நகர்ப் பக்கம் ஒரு பெரிய ஆஸ்பத்திரி. என் கணவர் கூகுளில் விமர்சனங்களை எல்லாம் படித்துவிட்டுத் தேர்ந்தெடுத்தது. ஒருவர் பார்க்கிங் இல்லை என்று ஒரு நட்சத்திரம் கொடுத்திருந்தார். இன்னொருவர் கேன்டீன் பொங்கலுக்காக ஐந்து நட்சத்திரம் கொடுத்திருந்தார். பிரசவம் எப்படி நடந்தது என்று யாரும் எழுதவில்லை. பெற்றவர்களுக்கு எழுத நேரம் கிடைத்திருக்காது. எழுதியதெல்லாம் பொங்கல் சாப்பிட்டவர்கள்.

குடும்பமே வந்திருந்தது. அப்பா நேராக ஜெனரேட்டரைப் பார்க்கப் போனார். அம்மா கழிவறையைப் பார்க்கப் போனாள். மாமியார் கேன்டீன்காரரிடம், "வெங்காயம் பூண்டு சேர்க்காம ஏதாவது பண்ணுவேளோ?" என்று விசாரித்துக்கொண்டிருந்தார். வரவேற்பில் இருந்த பெண் எங்களுக்கு ஓர் அறையைத் திறந்து காட்டினாள். சோபா, பிரிட்ஜ், சுவரளவு டிவி. ஒரு சுவரில் தேவதைச் சிறகு வரைந்திருந்தார்கள். பெற்று முடித்தவள் குழந்தையோடு அந்தச் சிறகுக்கு நடுவில் நின்று படம் எடுத்துக்கொள்ளலாமாம்.

"இங்க அட்டெண்டர்ஸ் எத்தனை பேர் வேணும்னாலும் தங்கலாம் மேடம்" என்றாள்.

"பிரசவம் நடக்கிற ரூம்ல?"

"அது ஸ்டெரைல் ஏரியா மேடம். அங்க யாரும் வர முடியாது. இங்க டிவில நூறு சேனல் வரும்."

வலி எடுக்கும்போது எந்தச் சேனல் பார்ப்பது என்று கேட்க நினைத்தேன். கணவர் என் முழங்கையை மெல்ல அழுத்தினார்.

அடுத்தது இன்னும் புதியது. அங்கே வெள்ளி, தங்கம், பிளாட்டினம் என்று நகைக்கடை மாதிரி பேக்கேஜ் வைத்திருந்தார்கள். பிளாட்டினத்தில் கணவர் பிரசவ அறைக்குள் வரலாம் என்று சொன்னதும் எனக்கு உயிர் வந்தது. கூடவே வீடியோ எடுப்பவரும் வருவார் என்று சொன்னதும் வந்த உயிர் போனது. என் கணவர் நல்லவர், ஆனால் ரத்தப் பரிசோதனைக்கு ஊசி குத்தினாலே முகத்தைத் திருப்பிக்கொள்கிறவர். எனக்குக் குத்தினாலும் சரி. அவர் முகத்தில் வியர்வை அரும்பியதை நான் மட்டும்தான் பார்த்தேன்.

"வீடியோக்காரர் வேண்டாம், இவர் மட்டும் வந்தா?" என்று கேட்டேன்.

"ரெண்டும் சேர்ந்துதான் மேடம் பேக்கேஜ்."

மாமியாருக்கு அந்த இடம் பிடித்துப்போனது. ஆபரேஷன் என்றால் நல்ல நட்சத்திரம் பார்த்து நேரம் குறித்துக் கொடுத்தால் அதே நேரத்துக்குக் குழந்தையை எடுத்துக் கொடுத்துவிடுவார்கள் என்று யாரோ அவரிடம் சொல்லிவிட்டார்கள். "ஆபரேஷனே வேணும்னு இல்லை. ஒருவேளை ஆயிடுத்துன்னா, ரோகிணி பார்த்துப் பண்ணிடலாமோல்லியோ?" என்றார். குழந்தை இன்னும் உதைக்கவே ஆரம்பிக்கவில்லை. அதற்குள் அதன் ஜாதகம் தயார்.

இந்தச் சமயத்தில்தான் ஆற்றுப் பிரச்சினை கிளம்பியது. ஏழாம் மாதத்துக்குப் பிறகு பிள்ளைத்தாய்ச்சி ஆறு தாண்டக்கூடாது என்பது மாமியார் வீட்டுச் சட்டம். எந்த ஊரிலும் இதைக் கடைப்பிடிக்கலாம். ஸ்ரீரங்கத்தில் எப்படிக் கடைப்பிடிப்பது? தெற்கே போனால் காவிரி, வடக்கே போனால் கொள்ளிடம். தீவில் குடியிருந்துகொண்டு ஆறு தாண்டாதே என்றால், நடுக்கடலில் நின்றவளிடம் கால் நனையாமல் வா என்பதைப் போலத்தான். நாங்கள் பார்த்த ஆஸ்பத்திரிகள் எல்லாம் ஆற்றுக்குத் தெற்கே. தலைப்பிரசவம் பார்க்க வேண்டிய என் தாய் வீடும் தெற்கே.

கணவர் வாதாடினார். "அம்மா, பாலத்து மேலதானே போறோம். அதோட காவிரில இப்போ சொட்டுத் தண்ணி இல்லை. பசங்க கிரிக்கெட் ஆடறா."

"தண்ணி இல்லேன்னா அது ஆறு இல்லேன்னு ஆயிடுமோ?" என்றார் மாமியார். அப்புறம் இரண்டு நாள் யோசித்து, அவரே ஒரு வழியும் சொன்னார். காய்ந்து கிடக்கும்போது தாண்டினால் பாதிக் குற்றம்தானாம். அந்தப் பாதிக்கும் பெருமாளிடம் மன்னிப்புக் கேட்டுக்கொள்ளலாம். ஆகவே மேட்டூரில் திறந்துவிடும் தண்ணீர் முக்கொம்புக்கு வந்து சேருவதற்குள் வளைகாப்பை முடித்து என்னைப் பொன்மலைக்கு அனுப்பிவிட வேண்டும்.

இப்படியாக, பொதுப்பணித் துறையை நம்பி நாள் குறித்த வளைகாப்பு உலகத்திலேயே என்னுடையதாகத்தான் இருக்கும். வீட்டில் எல்லோரும் டெல்டா விவசாயிகளைப் போல அணையின் நீர்மட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கை நிறைய வளையலோடு நான் காரில் பாலத்தைக் கடந்தபோது ஆற்றில் மணலும் நாணலும்தான். மாமியார் வாசலில் நின்று, நிம்மதியாக வழியனுப்பிவைத்தார்.

பொன்மலையில் மறுபடி ஆஸ்பத்திரி வேட்டை தொடர்ந்தது. இப்போது அம்மாவுக்கே சலித்துவிட்டது. "எல்லாரும் தனியாத்தான்டி பெத்துக்கிறாங்க. நீ மட்டும் என்ன அதிசயமா?" என்றாள். எனக்கு அழுகை வந்தது. ஜெனரேட்டருக்கும் கழிவறைக்கும் பூண்டுக்கும் கவலைப்பட ஆள் இருக்கிறது. எனக்குக் கவலைப்பட ஆள் இல்லை என்று வாய்விட்டே சொன்னேன். அப்பா செய்தித்தாளை மடித்துவைத்துவிட்டு வெளியே போய்விட்டார்.

கடைசியில் ஒரு சின்ன ஆஸ்பத்திரி கிடைத்தது. மாடிப்படிக்குக் கீழே செருப்பு விடும் இடம், மரப் பெஞ்சு, சுவரில் தடுப்பூசி அட்டவணை. சிறகு இல்லை. கார் நிறுத்த இடமும் இல்லை என்பதால் கணவர் தெருமுனையில் நிறுத்திவிட்டு வியர்த்துக்கொண்டு வந்தார். கேன்டீனைச் சோதிக்க வந்திருந்த மாமியாருக்குச் சோதிக்க அங்கே கேன்டீனே இல்லை. டாக்டர் அம்மா, அறுபதைத் தொட்டவர், என் பழைய ஸ்கேன்களைப் பார்த்து முடித்ததும் நான் வழக்கமான கேள்வியைக் கேட்டேன்.

"தாராளமா இருக்கலாம்" என்றார். "பொம்பளை ஆளு ஒருத்தங்க. உள்ள மத்த பொண்ணுங்களும் இருப்பாங்க, அதனால ஆம்பளைங்க வேண்டாம். ஆரம்பத்துலேருந்து குழந்தை பிறக்கிற வரைக்கும் கூடவே நிக்கணும். நடுவுல பயந்து வெளியில ஓடக்கூடாது. ஆபரேஷன்னு ஆயிட்டா மட்டும் வெளியில அனுப்பிடுவேன். யாரு வரப்போறீங்க?"

நான் அம்மாவைப் பார்த்தேன். இதில் கேள்வியே இல்லை என்று நினைத்திருந்தேன். அம்மா தன் புடவைத் தலைப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எனக்குப் பிரஷர் இருக்குங்க டாக்டர்" என்றாள் மெதுவாக. பிறகு என் பக்கம் திரும்பாமலே, "நீ கத்துறதை என்னால பக்கத்துல நின்னு கேட்க முடியாதுடி. வெளியில எவ்வளவு நேரம் வேணும்னாலும் நிக்கிறேன். உள்ள மட்டும் கூப்பிடாத" என்றாள்.

ஐந்தாம் மாதத்திலிருந்து எனக்காக ஆஸ்பத்திரி பார்த்த அத்தனை பேரும் அந்த அறையில் இருந்தார்கள். கணவருக்கு அனுமதி இல்லை என்றதில் அவர் அடைந்த நிம்மதி அவர் முகத்தில் அப்பட்டமாகத் தெரிந்தது. அப்பா மின்விசிறியைப் பார்த்தார். எனக்குக் கோபம் தலைக்கேறியது. இதற்குப் பேசாமல் நூறு சேனல் வருகிற இடத்துக்கே போயிருக்கலாம் என்று சொல்ல வாயெடுத்தேன்.

"நான் வரேன்" என்றார் மாமியார்.

எல்லோரும் திரும்பிப் பார்த்தோம். பிரசவித்த வீட்டுக்குப் போய்வந்தால் தலைக்குக் குளிக்காமல் தண்ணீர்கூடத் தொடாதவர். தீட்டு என்ற சொல்லுக்கு வீட்டில் ஒரு தனி பக்கெட்டே வைத்திருப்பவர்.

"அம்மா, உன் மடி?" என்று கணவர் ஆரம்பித்தார்.

"அதெல்லாம் ஆத்துக்கு வந்து ஸ்நானம் பண்ணிக்கறேன். நீ போய்க் காரை எடு" என்றார்.

அவர் சொன்னதைச் செய்கிறவர். ஆவணி பிறந்ததும், நேரத்துக்கு வந்து சேர முடியாமல் போய்விடுமோ என்று பொன்மலைக்கே வந்து தங்கிவிட்டார். கூடவே இண்டக்ஷன் அடுப்பு, பாத்திரம், அரிசி, பருப்பு, ஒரு கேன் தண்ணீர் எல்லாம் வந்து இறங்கின. எங்கள் வீட்டுப் பின்கட்டில் ஒரு குட்டி ஸ்ரீரங்கம் உருவானது. அம்மாவும் அவரும் ஒரே முற்றத்தில் இரண்டு அடுப்பில் இரண்டு ரசம் வைத்தார்கள். ஒருவர் ரசத்தை மற்றவர் மோந்து மட்டும் பார்த்துக்கொண்டார்கள்.

ஒரு நாள் விடிந்ததும் வலி எடுத்தது. ஆஸ்பத்திரியில் பச்சை அங்கியைக் கொடுத்து மாட்டிக்கொள்ளச் சொன்னார்கள். மடிசார் மேல் பச்சை அங்கி, தலையில் பிளாஸ்டிக் தொப்பி, அதற்குக் கீழே திருமண்ணும் ஸ்ரீசூர்ணமும். எனக்கு அந்த வலியிலும் சிரிப்பு வந்தது. வெளியே பெஞ்சில் இரண்டு குடும்பமும் உட்கார்ந்திருந்தது. என்ன பெயர் வைப்பது என்று அவர்கள் பேசிக்கொள்வது கதவு திறக்கும்போதெல்லாம் காதில் விழுந்தது.

முற்பகல் ஏற ஏற வலியும் ஏறியது. முதலில் பல்லைக் கடித்தேன். மாமியார் முன்னால் கத்த வெட்கமாக இருந்தது. அவர் என் கையைத் தன் இரண்டு கைக்குள்ளும் வைத்துக்கொண்டு, விரலைத் தடவிக்கொடுத்துக்கொண்டே ஏதோ பாசுரத்தை முணுமுணுத்தார். நர்ஸ் ஒருத்தி, "அம்மா, கொஞ்சம் தள்ளி நில்லுங்க" என்றாள். அரை அடி தள்ளினார், கையை விடவில்லை.

அடுத்த வலி வந்து போனதும் மூச்சு வாங்க அவரிடம் கேட்டேன். "அத்தை, உங்க பிரசவத்துல உங்ககூட யாரு இருந்தாங்க?"

"வாசல்ல ஊரே இருந்தது. எங்காத்து மனுஷா, அவாத்து மனுஷா, எல்லாரும். இப்போ மாதிரிதான், பேர் வைக்கறதுல சண்டை" என்றார். தொப்பியைச் சரிசெய்துகொண்டார். "உள்ளே நான் மட்டும்தான். அம்மா அம்மான்னு எவ்வளவோ கூப்பிட்டுப் பார்த்தேன். கதவைச் சாத்திட்டா. யாருக்கும் கேக்கலை."

அடுத்த வலி கிளம்பி வருவது தெரிந்தது. நான் உதட்டைக் கடிப்பதை அவர் பார்த்துவிட்டார். என் முகத்துக்குப் பக்கத்தில் குனிந்தார்.

"ஏண்டி அடக்கிக்கறே? கத்து. நான் கேட்டுண்டுதான் இருக்கேன்."