யோகேஸ்வரியின் மஞ்சள் தட்டு

யோகேஸ்வரி என் தம்பி மகள். சிம்பாங் ரெங்கம் ரப்பர் தோட்டத்தில் பிறந்தவள். படிப்பு மூன்றாம் பாரத்தோடு, அதாவது ஒன்பதாம் வகுப்போடு சரி. தம்போயில் மின்சாரப் பிளக் செய்கிற தொழிற்சாலையில் பத்தொன்பது வருடமாகச் சாமான் சோதிக்கிறாள். ஒரு கீறல் அவள் கண்ணுக்குத் தப்பாது. அந்தக் கண் என் தம்பியுடையது. ரப்பர் ஷீட்டை வெளிச்சத்தில் பிடித்தே தரம் சொல்லிவிடுவான்.

அவள் கணவன் கமலநாதன், என் மனைவி வழியிலும் எனக்கு மருமகன்தான். மெஷின் பழுது பார்க்கிறவன். நாற்பத்தொரு வயதில் இன்ஜினியருக்குப் படிக்க ஆசை வந்தது. வேலை பார்த்துக்கொண்டே படிக்க ஒரு கல்லூரி இடம் தருமாம். ஆனால் நுழைவுத் தேர்வு உண்டு, ஒரே தடவைதான். அறுபது கேள்வி. நூற்றிருபதுக்கு அறுபது மார்க்காவது வேண்டும்.

மாதிரித்தாள் ஒன்றைச் செய்து பார்த்தான். நாற்பத்திரண்டுதான் வந்தது.

"மண்டையில ஏறல லா மாமா. வயசாயிடுச்சு" என்று தாளைச் சுருட்டி எறிந்தான்.

யோகேஸ்வரி அதை எடுத்து விரித்தாள். "ஏங்க, முதல் பக்கத்தப் படிச்சீங்களா?"

"அதுல கேள்வியே இல்லையே."

"சரியா போட்டா ரெண்டு மார்க்காம். தப்புக்கு ஒண்ணு வெட்டுவாங்களாம். காலியா விட்டா ஒண்ணும் இல்லையாம். நீங்க ஒண்ணையும் விடல."

"எப்படி விடுறது? பள்ளிக்கூடத்துல காலியா விட்டதுக்கு அய்யாவு வாத்தியார் கொட்டின கொட்டு இன்னும் வலிக்குது."

அய்யாவு வாத்தியாரிடம் படித்த எல்லாரும் அப்படித்தான். தெரியாத கேள்விக்கும் ஏதாவது ஒரு விடை வட்டத்தைக் கருப்பாக்கிவிட்டுத்தான் எழுந்திருப்பார்கள். பள்ளிப் பரீட்சையில் அதற்குத் தண்டனை கிடையாது.

"உண்மையில தெரிஞ்சு போட்டது எத்தனை?"

"முப்பத்தொண்ணு இருக்கும்."

"அதோட நிறுத்தியிருந்தா அறுபத்திரண்டு. மிச்சத்தக் குருட்டாம்போக்குல போட்டு இருபது மார்க்கத் தொலைச்சிருக்கீங்க. எங்க லைன்ல சந்தேகமான சாமான மஞ்சத் தட்டுல ஒதுக்கிருவோம். அதப் பாஸ் பண்ணி விட்டா சூப்பர்வைசர் சும்மா விடுவாரா?"

மறுநாள் சாப்பாட்டு மேசையில் ஒரு மஞ்சள் தட்டு வந்து உட்கார்ந்தது. சந்தேகமான கேள்வியின் எண்ணைத் துண்டுக் காகிதத்தில் எழுதி அதில் போட வேண்டும். மூன்று வாரம் இந்தப் பயிற்சி நடந்தது. தட்டில் போட்ட கேள்விப் பக்கம் அவன் கை பென்சிலோடு நழுவினால் அகப்பைக் காம்பால் ஒரு தட்டுத் தட்டுவாள்.

தேர்வு முடிந்து வெளியே வந்தவன், வாசலில் காத்திருந்த எங்களிடம் ஓடி வந்தான்.

"மாமா, இருபத்தேழு கேள்விய காலியா விட்டுட்டேன். வாத்தியார் கேட்டா என்ன சொல்ல?"

"அவர வீட்டுக்குக் கூட்டிட்டு வாங்க. நான் பேசிக்கிறேன்" என்றாள் யோகேஸ்வரி.

அடுத்த மாதம் முடிவு வந்தது. முப்பத்திரண்டு சரி, ஒன்று தப்பு. அறுபத்து மூன்று மார்க். இடம் கிடைத்துவிட்டது. அவனோ தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அந்த ஒண்ணு எதுன்னு தெரியலையே, யோகேஸ்."

"எதுவா இருந்தா என்ன? சந்தேகத்தப் பாஸ் பண்ணியிருக்கீங்க. எங்க கம்பெனியா இருந்தா இந்நேரம் வார்னிங் லெட்டர் வந்திருக்கும்."

சொல்லிக்கொண்டே மஞ்சள் தட்டைக் கழுவித் துடைத்தாள். சூடான கேசரியை அதில் வைத்து அவன் பக்கம் நகர்த்தினாள். எனக்குக் கேசரி வந்தது வெறும் பீங்கான் தட்டில்தான்.