ஒரு சாண் தள்ளி

எந்த வீட்டுக்குப் போனாலும் அவர் முதலில் தண்ணீர் கேட்பார். தாகத்துக்கு இல்லை. டம்ளரை மேசைமேல் வைத்து, கையை எடுத்துவிட்டு, கன்னம் பலகையில் உரசுகிற அளவுக்குக் குனிந்து, தண்ணீர் சமமாக நிற்கிறதா, ஒரு பக்கம் ஏறியிருக்கிறதா என்று பார்ப்பார். ஏறியிருந்தால் சட்டைப் பையிலிருந்து பழைய பேருந்துச் சீட்டு ஒன்றை எடுத்து, நாலாக மடித்து, மேசைக்காலுக்கு அடியில் சொருகுவார். பிறகுதான் குடிப்பார். சாவு வீட்டில்கூட ஒருமுறை இதைச் செய்து மனைவியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டார்.

"தண்ணி குடிக்க வந்தீங்களா, மேசைக்கு வைத்தியம் பாக்க வந்தீங்களா?"

நில அளவை அலுவலகத்தில் கம்பு பிடிப்பது அவர் வேலை. சர்வேயர் தூரத்தில் முக்காலிமேல் கருவியை வைத்துக்கொண்டு நிற்பார். இவர் ஆளுயரத்துக்கு மேலான ஒரு கம்பை அவர் கை காட்டுகிற இடத்துக்கெல்லாம் கொண்டுபோய் நட்டுக்குத்தாக நிறுத்த வேண்டும். கம்பின் உச்சியில் ஒரு கண்ணாடி. கருவி பார்ப்பது அதைத்தான். கம்பின் இடுப்பில் ஒரு சின்னச் சிமிழ், சிமிழுக்குள் திரவம், திரவத்துக்குள் ஒரு குமிழி. குமிழி நடுவட்டத்தில் நின்றால் கம்பு நேராக நிற்கிறது என்று அர்த்தம். வாலிப வயதிலிருந்து அந்தக் குமிழியைப் பார்த்துப் பார்த்து, அலுவலகத்தில் அவர் பெயரே குமிழி என்றாகிவிட்டது. மற்றவர்கள் பிடித்த கம்பை ஒன்றுக்கு இரண்டு தடவை சரிபார்க்கிற சர்வேயர், குமிழி நிற்கிறார் என்றால் கண்ணை மூடிக்கொண்டு எழுதிக்கொள்வார்.

போர் ஓய்ந்தது. எல்லை எது என்று இரண்டு தலைநகரங்களும் மாதக்கணக்கில் வாதாடி, வரைபடத்தில் ஒரு கோட்டைப் போட்டு, கை குலுக்கிக் கலைந்தன. அந்தக் கோட்டை மண்ணில் இறக்குகிற வேலை கீழே இருந்தவர்கள் தலையில் விழுந்தது. இந்தப் பக்கத்து ஆட்களும் அந்தப் பக்கத்து ஆட்களும் ஒரே கூடாரத்தில் உட்கார்ந்து அளக்க வேண்டும். அதற்கு ஒரு ஏற்பாடு இருந்தது. இந்தப் பக்கத்து ஆள் கம்பைப் பிடித்தால், அந்தப் பக்கத்து ஆள் குனிந்து குமிழியைப் பார்த்து "சரி" என்று சொல்ல வேண்டும். அடுத்த இடத்தில் அவன் பிடிப்பான், இவர் பார்ப்பார். "சரி" என்ற சொல் வராமல் எல்லை முளை அடிக்கக் கூடாது.

அந்தப் பக்கத்திலிருந்து வந்தவன் வயதில் இளையவன், பனைமரத்துக்குப் பங்காளி. குமிழி அவனை நெட்டை என்றார். அவன் இவரை அண்ணே என்றான். ஆரம்பத்தில் இருவரும் முகம் பார்த்துப் பேசிக்கொள்ளவில்லை. ஒருநாள் வெயிலில் டீ ஆறிக்கொண்டிருந்தபோது நெட்டை தானாகவே சொன்னான்.

"உங்காளுங்க சுட்டதெல்லாம் எங்காளுங்க தலைக்கு மேலதான் போச்சுண்ணே. நான் ஒருத்தன்தான் குனிய வேண்டியிருந்துச்சு."

குமிழிக்குப் புரையேறிவிட்டது. அன்று முதல் இருவருக்கும் ஒரே பிளாஸ்க்.

கோடு வயல்களைக் கடந்து ஊருக்குள் நுழைந்தது. ஊரின் விளிம்பில் ஒரு சந்து. சந்துக்கு இந்தப் புறம் குமிழியின் அக்கா வீடு; அந்தப் புறம் தையல்காரம்மா வீடு. கோட்டுக்கு இருபுறமும் காவலர் நடக்க இடம் விட வேண்டும், அந்த இடத்துக்குள் வருகிற எதுவும் இடிபடும் என்பது விதி. முன்னோட்டமாக அளந்தவர்கள் அக்காவின் சமையலறைச் சுவரில் சிவப்பு மையால் ஒரு கோடு இழுத்துவிட்டுப் போயிருந்தார்கள். காவலர் நடக்கிற இடம் சமையலறைக்குள் ஒரு சாண் வந்திருந்தது. ஒரு சாண் என்றாலும் சுவர் போகும். சுவர் போனால் சமையலறை போகும்.

அம்மா போனபின் குமிழியைத் தூக்கி வளர்த்தவள் அக்கா. அத்தான் இறந்தபின் பள்ளிக்கூடம் பெருக்கிச் சம்பாதித்து அவள் கட்டிய ஒரே கட்டடம் அந்தச் சமையலறை. அதன் சன்னலைத் திறந்தால் சந்துக்கு அப்பால் தையல்காரம்மாவின் சன்னல். குண்டு விழுந்த நாட்களில்கூட அந்த இரண்டு சன்னல்களுக்கும் இடையே போக்குவரத்து நிற்கவில்லை. தீப்பெட்டி போகும், ஊசி வரும், ஊர்வம்பு இரண்டு பக்கமும் போகும். தையல்காரம்மாவுக்கு இருந்தது ஒரே அறை. கூரைச் சட்டங்களெல்லாம் சந்தைப் பார்த்த சுவரில்தான் உட்கார்ந்திருந்தன.

சந்தில் முளை அடிக்கிற அன்று காலை, குமிழி கம்போடு வந்துகொண்டிருந்தார். கூடாரத்துக்குள்ளிருந்து அக்கா வெளியே வந்தாள், முந்தானையில் கையைத் துடைத்தபடி.

"இங்க எதுக்கு வந்தே?"

"பெரியவங்களுக்குத் தண்ணி குடுத்துட்டு வர்றேன். நீ போய் உன் வேலையப் பாரு."

அவள் கண் சிவந்திருந்தது. சர்வேயர்களின் காலில் விழுந்து சமையலறைக்காகக் கெஞ்சிவிட்டு வெறுங்கையோடு வருகிறாள் என்று குமிழி தானாகவே முடிவு கட்டிக்கொண்டார். கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

கருவி அக்கா வீட்டை ஒட்டிய காலிமனையில் நின்றது. சர்வேயர் கையை அசைத்து அசைத்து இடம் சொன்னார். கம்பைப் பக்கவாட்டில் சாய்த்தால் பார்ப்பவருக்குத் தெரிந்துவிடும். கருவியை நோக்கி நேராகச் சாய்த்தால் தெரியாது. தொழிலில் ஊறிய எவனுக்கும் தெரிந்த சூட்சுமம்தான். குமிழி அதுவரை அதை நினைத்தும் பார்த்ததில்லை. உச்சிக் கண்ணாடி சர்வேயர் சொன்ன இடத்தில் நின்றது. கீழே கூர்முனையை மெதுவாக, கால் கட்டைவிரலால் நகர்த்துவதுபோல, ஒரு சாண் அந்தப் பக்கம் தள்ளி ஊன்றினார். சந்துதானே, சந்து தாங்கும் என்று மனத்துக்குள் சொல்லிக்கொண்டார். எதிர்ச் சுவரைத் திரும்பிப் பார்க்கவில்லை. தெரியாது என்று அவரால் பிற்பாடு சொல்ல முடியவில்லை. பார்க்கவில்லை என்றுதான் சொல்ல முடிந்தது.

நெட்டை குனிந்தான். குமிழி சிமிழின் ஓரத்தில் போய் ஒட்டிக்கொண்டிருந்தது. நிமிர்ந்து இவர் முகத்தைப் பார்த்தான். அது யார் வீடு என்று அவனுக்குத் தெரியும். முந்தின நாள் அந்தச் சமையலறையிலிருந்துதான் அவனுக்கும் டீ வந்தது.

"சரி" என்றான், தரையைப் பார்த்துக்கொண்டு.

முளை இறங்கியது. அன்று இருவரும் டீ குடிக்கவில்லை. பிளாஸ்க் கூடாரத்திலேயே கிடந்தது.

இடிக்கிற ஆட்கள் வந்தபோது அக்காவின் சுவரைத் தொடவில்லை. எதிர்ப்பக்கம் போனார்கள். ஒரு சாண்தான் உள்ளே வந்திருந்தது. சுவரை எடுத்ததும் கூரை முழுக்க உட்கார்ந்துவிட்டது. தையல்காரம்மா தையல் இயந்திரத்தை மடியில் வைத்துக்கொண்டு, தள்ளுவண்டியில் ஏறிப் போனதைத் தெருவே பார்த்தது. குமிழி அன்று விடுப்பு எடுத்துக்கொண்டு வீட்டில் படுத்திருந்தார். காய்ச்சலா என்று மனைவி நெற்றியைத் தொட்டபோது கையைத் தட்டிவிட்டார்.

சில நாள் கழித்து அக்கா வீட்டுக்குப் போனார். சமையலறை இருட்டாக இருந்தது. சன்னலைச் செங்கல் வைத்து அடைத்திருந்தாள். பூச்சுகூட இன்னும் காயவில்லை.

"ஏங்க்கா அடைச்சே?"

"தூசி வருது."

தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். அவர் குனியவில்லை. டம்ளரை எடுத்து அப்படியே குடித்தார்.

"என்னடா, இன்னிக்கு மேச நேரா இருக்குதா?" என்றாள் அக்கா. அவர் வாயைத் துடைத்துக்கொண்டு எழுந்து வந்துவிட்டார். அதற்குப்பின் எந்த வீட்டிலும் அவர் தண்ணீர் கேட்டதில்லை. கொடுத்தால் குடிப்பார். மனைவி முதலில் நிம்மதி என்றாள். பிறகு, அந்தப் பழைய கிறுக்கே தேவலை என்று சொல்லத் தொடங்கினாள்.

முளைகள் நின்ற இடத்தில் கல்தூண்கள் எழுந்தன. மழைக்காலம் முடிந்ததும் இரண்டு பக்கத்து ஆட்களும் வந்து, தூணில் தங்கள் தங்கள் பக்கத்துக்குச் சுண்ணாம்பு அடிக்க வேண்டும். சந்துத் தூணுக்கு இந்த முறை குமிழியை அனுப்பினார்கள். அந்தப் பக்கத்தில் நெட்டை உட்கார்ந்திருந்தான், அவ்வளவு உயரத்தையும் மடக்கிக்கொண்டு. தூண் நடுவில் இருந்ததால் இருவருக்கும் முகம் பார்க்க வேண்டிய தேவை இல்லை. ஆளுக்கொரு நார்மட்டையைச் சுண்ணாம்பில் தோய்த்துத் தோய்த்துப் பூசிக்கொண்டிருந்தார்கள்.

"தையல்காரம்மா இப்ப எங்க ஊர்லதான் இருக்காங்கண்ணே" என்றான் நெட்டை.

குமிழி மட்டையை வாளிக்குள் விட்டார்.

"அன்னிக்குக் காலைல உங்க அக்கா கூடாரத்துக்கு வந்தாங்கல்ல, என்னத்துக்குன்னு தெரியுமா? 'எங்க சமையல்கட்ட இடிச்சுக்குங்க, நான் உள்ள தள்ளிக் கட்டிக்கிறேன். கோடு மட்டும் ஒரு விரல்கூட அந்தப் பக்கம் போயிரக் கூடாது, அவளுக்கு இருக்குறதே ஒரு ரூம்தான்'னு சொல்லிட்டுப் போனாங்களாம். முந்தின நாளே சன்னல்ல நின்னு ரெண்டு பேரும் பேசி வச்சுக்கிட்டதாம்." வழிந்த சுண்ணாம்பை மட்டையால் இழுத்துவிட்டான். "உங்க அக்கா பேச்சு மாறிட்டாங்கன்னுதான் அந்தம்மா இன்னிக்கும் நெனச்சிட்டு இருக்காங்க. நான் 'சரி'ன்னு சொன்னத அவங்ககிட்டச் சொல்லலண்ணே."

சுவரில் கடப்பாறை விழுகிற வரைக்கும் தையல்காரம்மா தன் சன்னலில் நின்று அக்காவின் சன்னலையே பார்த்துக்கொண்டிருந்தாராம். ஒரு வார்த்தை கேட்கவில்லையாம்.