வண்டியில் வராத ஒருத்தர்

"உங்ககூட வண்டியில வராத ஒருத்தரோட நம்பர் குடுங்க."

ஊருக்குப் போகும்போது நாயைப் பார்த்துக்கொள்ளச் சொல்லி விட்டுப்போக வருகிறவர்களிடம் நாய்க்காரம்மா முதலில் கேட்பது இதைத்தான். "கிளம்பும்போதே அபசகுனமா?" என்று முகம் சுளிப்பவர்களுக்கு, மேஜைக்கடியில் படுத்திருக்கும் கறுப்பன் என்ற நாயைக் காட்டுவாள்.

முன்பெல்லாம் விட்டுப்போகிறவர்களின் இரண்டு நம்பர் வாங்கினால் போதும் என்றிருந்தாள். ஃபிரிட்ஜ் கதவில் டாக்டர் நம்பர், அலமாரியில் மருந்துப் பெட்டி, வாசலில் தூக்கிப்போகக் கூண்டு. இத்தனையும் தயாராக வைத்திருப்பதில் அவளுக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

ஒரு புருஷனும் பெண்டாட்டியும் கறுப்பனை விட்டுப்போன அன்று மத்தியானம் அதன் வயிறு பானைபோல உப்பியது. டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடினாள். உடனே ஆபரேஷன் செய்யணும், ஆனால் நாயின் சொந்தக்காரர் கையெழுத்து இல்லாமல் முடியாது என்றார் அவர். இரண்டு நம்பரிலும் மாற்றி மாற்றி மணி அடித்தது, யாரும் எடுக்கவில்லை. கடைசியில் சொந்தக்காரர் என்ற இடத்தில் தானே கையெழுத்துப் போட்டாள்.

ஆபரேஷன் முடிந்த பிறகும் ஆத்திரம் அடங்கவில்லை. ஒன்பதாவது தடவை யாரோ எடுத்ததும் கிழி கிழியென்று கிழித்தாள். "நாயை என் தலையில கட்டிட்டு எங்க போய்த் தொலைஞ்சீங்க?"

"அம்மா, நான் போலீஸ் பேசறேன்" என்றது ஒரு குரல். "கார் லாரியில மோதிடுச்சு. ரெண்டு பேருமே போயிட்டாங்க. ரெண்டு போனும் என்கிட்டதான் இருக்கு, லாக் ஆகியிருக்கு, திறக்க முடியல. அவங்க வீட்டுக்குத் தகவல் சொல்லணும். உங்ககிட்ட வேற நம்பர் ஏதாவது இருக்கா?"



"என்கிட்ட இருக்கறது ரெண்டு நம்பர்தான் சார். ரெண்டும் உங்க கையிலதான் இருக்கு."