கடலில் ஒரு பென்சில் புள்ளி

நான் கொன்வென்ற் சமையலறையில் வேலை செய்த காலத்தில், தன் நாட்டுக்குத் திரும்பிய ஐரிஷ் கன்னியாஸ்திரி ஒருவர் தன்னுடைய பழைய தபாலட்டைகளையும் அந்த ஊர்களின் வரைபடங்கள் சிலவற்றையும் எனக்குத் தந்துவிட்டுப் போனார். மலைகள், பாலங்கள், துறைமுகங்கள். ஒவ்வொரு படத்தையும் எங்கே நின்று எடுத்தார்கள் என்று வரைபடத்தில் தேடுவதே எனக்குப் பைத்தியமாகிவிட்டது.

ஒரு துறைமுகப் படம் மட்டும் பிடிகொடுக்கவில்லை. அதில் தேவாலயக் கோபுரம் வெளிச்சவீட்டுக்கு நேர் பின்னால் நின்றது. தெருத் தெருவாகப் பார்த்தும் அப்படித் தெரியக்கூடிய இடம் அகப்படவில்லை.

அப்போது மீன்பிடிக்கக் கடலுக்குப் போகத் தடை போட்டு நாலு மாதம். என் மனுசன் வள்ளத்தைக் கரையில் ஏற்றிவிட்டு, நாள் முழுக்கக் கூரை முகட்டைப் பார்த்தபடி கிடந்தார். எனக்கோ அதைப் பார்க்கவே எரிச்சல்.

"சும்மாதானே கிடக்கிறியள், இதையாவது பாருங்கோவன்" என்று படத்தைக் கையில் திணித்தேன்.

பார்த்துவிட்டுச் சிரித்தார். "கரையிலை தேடினா எப்பிடியப்பா கிடைக்கும்? உவன் வள்ளத்திலையெல்லே நிண்டு எடுத்திருக்கிறான்."

வலை விட்ட இடத்தை மறக்காமலிருக்க, கரையில் தெரியும் இரண்டு அடையாளங்களை நேராக்கிப் பார்ப்பது கடலுக்குப் போகிறவர்களின் வழக்கம். வரைபடத்தில் கோபுரத்தையும் வெளிச்சவீட்டையும் தொட்டு ஒரு கோடு இழுத்தார். படத்தில் அதேபோல ஒரே நேரில் தெரிந்த ஆலைப் புகைபோக்கியையும் இறங்குதுறையையும் தொட்டு இன்னொன்று. இரண்டும் கடலில் சந்தித்த இடத்தில் பென்சிலால் ஒரு புள்ளி வைத்தார்.

மறுநாள், முன்பெல்லாம் வள்ளம் தள்ளுகிற நேரத்துக்கு என்னைத் தட்டி எழுப்பினார். சாரத்தை மடித்துக் கட்டி, தலையில் துவாயும் கட்டி, விளக்கடியில் வரைபடத்தை விரித்து வைத்திருந்தார்.

"மற்றப் படங்களையும் எடும், வெளிக்கிடுவம்" என்றார்.