குளச்சலில் வாங்கிய நீலப் பெட்டி

என் மகள் கயல் திருவனந்தபுரத்தில் குடியேறி மூன்று வருடம் ஆகிறது. இதுவரை அவள் வீட்டு வாசலை நான் மிதித்ததில்லை. அவளாகச் செய்துகொண்ட கல்யாணம், எனக்குப் பிடிக்கவில்லை, அவ்வளவுதான் கதை. மருமகனைப் பற்றிப் பேச நேர்ந்தால் 'அந்தப் பையன்' என்பேன். சென்ற மாதம் அவளே போன் செய்து, "ஒரு தடவை வாம்மா" என்றாள். போக ஆசைதான். வெறுங்கையோடு போக முகமில்லை.

கயலுக்குப் பழைய பெட்டி என்றால் பைத்தியம். அதனால் ஓர் ஆமாடப்பெட்டி தேடிக் கிளம்பினேன். பழைய திருவிதாங்கூர்ப் பக்கத்து வீடுகளில் நகை வைத்திருந்த சின்ன மரப்பெட்டி அது. ஓட்டுக்கூரை போலச் சரிந்த மூடி, மூலைக்கு மூலை பித்தளை, மேலே சிவப்பு அரக்குப் பூச்சு. நாகர்கோவில் கோட்டாற்றில் ஒரு பழம்பொருள் கடைக்காரரிடம் போனில் சொல்லி வைத்தேன். மூன்று நாள் கழித்து ஒரு படம் அனுப்பினார். கறுத்த பலாமரம், இடுக்குகளில் மட்டும் மிஞ்சிய சிவப்பு. குளச்சலில் ஒரு வீட்டில் கட்டிலுக்கடியில் கிடக்கிறதாம், விலை 6,500 ரூபாய். நான் வெள்ளிக்கிழமை வருவதாக அவர்களுக்கும் தகவல் சொல்லிவிட்டார்.

மதுரையில் காலை 4:40க்குப் பேருந்து. டிக்கெட் 245 ரூபாய். திருநெல்வேலி வரை நல்ல தூக்கம். ஆரல்வாய்மொழி அருகே கண் திறந்தபோது காற்றாலைகள் பனிக்குள் மெதுவாகச் சுற்றிக்கொண்டிருந்தன. அடிப்பாகம் தெரியவில்லை, இறக்கைகள் மட்டும். அப்புறம் வயல், தாமரைக் குளம், மறுபடி வயல். விழித்திருக்கிறேனா என்று எனக்கே சந்தேகம். பக்கத்து இருக்கைக்காரரின் குறட்டைதான் உறுதி செய்தது.

9:30க்கு நாகர்கோவில் வடசேரி பேருந்து நிலையத்தில் இறங்கினேன். அங்கிருந்து கோட்டாறு மூன்று கிலோமீட்டர், ஆட்டோ 100 ரூபாய். கடையில் மூடி சரிந்த பெட்டிகள் பதினைந்தாவது இருந்திருக்கும். விலை பதினெட்டாயிரத்தில் தொடங்குகிறது. "இதுல முக்காவாசி புதுசு மேடம். தேயிலைத் தண்ணில ஊறப் போட்டுப் பழசாக்குனது. உங்களுக்கு அசல் வேணும்னா குளச்சலுக்கே போங்க" என்றார் கடைக்காரர். வியாபாரி இப்படி உண்மை பேசினால் பயமாக இருக்கிறது. ஆனாலும் போனேன்.

கோட்டாற்றிலிருந்து குளச்சல் ஏறக்குறைய 23 கிலோமீட்டர், ஒரு மணி நேரம். சாதாரணப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணமில்லை. லேசான தூறல். தென்னைகளுக்கு நடுவே கடல் தெரிந்தது, மறைந்தது, மறுபடி தெரிந்தது. கயல் கதவைத் திறப்பாள், நான் ஒன்றும் பேசாமல் பெட்டியை நீட்டுவேன், அவள் வாங்கிக்கொள்வாள் என்று அந்தக் காட்சியை எத்தனை தடவை ஓட்டிப் பார்த்தேனோ தெரியாது.

அந்த வீட்டுக்காரர் ஜெரோம் மீன்பிடி வள்ளங்களுக்குப் பெயிண்ட் அடிப்பவர், ஐம்பது வயது இருக்கும். மனைவி லில்லி. இருவரும் வாசலிலேயே காத்திருந்தார்கள். உள்ளே மேசைமேல், வெள்ளைத் துணி விரித்து, பெட்டி.

நீலம். பளபளவென்று, கரையில் நிற்கும் வள்ளத்தின் அதே நீலம். ஓரமெல்லாம் மஞ்சள் கோடு, பக்கவாட்டில் சிவப்பு நட்சத்திரம், பித்தளை மூலைகளுக்கு வெள்ளி பெயிண்ட்.

"கொள்ளாமா அக்கா, நல்லா இருக்கா?" என்றார் ஜெரோம், முகமெல்லாம் சிரிப்பாக. "ரெண்டு நாளா இதே வேலதான். மூணு கை அடிச்சிருக்கேன். அதுக்குத் தனியா பைசா வேண்டாம், கேட்டியளா."

எனக்கு வந்தது அழுகையா கோபமா என்று பிரிக்க முடியவில்லை. "அண்ணே, இதைப் பழசா இருக்கட்டும்னுதானே தேடி வந்தேன்" என்றேன். குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது.

அவருக்குப் புரியவே இல்லை. "வள்ளத்த வித்தாலும் பெயிண்ட் அடிச்சிதான் குடுப்போம். அழுக்குச் சாமானத்த ஒராளுக்கக் கையில குடுக்கது மரியாதயா? அதுல சமையலுக்குள்ள உள்ளிதானே போட்டு வச்சிருந்தா இவ!"

"நான் அப்பவே சொன்னேன், ஒரு வாக்கு கேட்டுட்டு அடியும்னு" என்றாள் லில்லி.

"நீ சும்மா இரி ஏட்டி." அவர் முகம் சுருங்கிப் போயிற்று. உள்ளே போய்ச் சுரண்டும் தகட்டை எடுத்து வந்தார். "சுரண்டித் தாறேன் அக்கா. மரம் பழயபடி வந்துரும். அரக்கு வராது, அது போச்சு."

அவர் தகட்டை வைக்க இடம் பார்த்தபோதுதான் நான் கவனித்தேன். மூடியின் முன்சரிவில் வெள்ளைப் பட்டை ஒன்று வெறுமையாக இருந்தது. அது என்ன என்று கேட்டேன்.

"பேருக்கு விட்ட இடம். வள்ளம்னா பேரு வேண்டாமா? யாருக்கு வாங்குதிய?"

"மகளுக்கு. கயல்."

"கல்யாணம் ஆயிட்டுல்லா? பின்ன மருமொவனுக்கப் பேரும் சேத்துல்லா எழுதணும். அவருக்கப் பேரு என்ன?"

சாதாரணக் கேள்வி. என் நாக்கில் முதலில் வந்தது 'அந்தப் பையன்'தான். லில்லி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். பழைய பெட்டியைக் கொடுத்து, மன்னிப்புக் கேட்காமல் தப்பிவிடலாம் என்றுதான் நான் கிளம்பி வந்திருக்கிறேன் என்பது அந்த மேசை முன்னால் நிற்கும்போது விளங்கியது. வெட்கமாக இருந்தது.

"இம்ரான்" என்றேன். மூன்று வருடத்தில் முதல் தடவை.

"நாலு எழுத்துதான். இடம் தாராளம்" என்று தகட்டைக் கீழே போட்டுவிட்டுத் தூரிகை எடுத்தார் ஜெரோம். கோடு போட்டுக்கொள்ளாமல், மூச்சைப் பிடித்துக்கொண்டு, வள்ளத்தில் எழுதும் தடித்த எழுத்தில் இரண்டு பெயர்களையும் எழுதி முடிக்கப் பத்து நிமிடம். காய நான்கு மணி நேரம். லில்லி சாளை மீன் குழம்பும் சோறும் போட்டாள். சாப்பிட்டுவிட்டு மின்விசிறிக்குக் கீழே கடல் சத்தத்தில் கிறங்கிக் கிடந்தேன். கண்ணை மூடினாலும் நீலமாகவே இருந்தது.

போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். படத்தைப் பார்த்து விலை பேசினால், 'எதுவும் செய்ய வேண்டாம், அப்படியே இருக்கட்டும்' என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். கோட்டாற்றுக் கடைகளில் பெட்டியைத் திறந்து மோந்து பாருங்கள், தேயிலை வாசனை வந்தால் புதுசு. பெட்டியைச் சுற்ற மடித்த போர்வை ஒன்று கையோடு இருக்கட்டும். குளச்சலிலிருந்து மார்த்தாண்டம் ஒரு மணி நேரம், அங்கே மாறினால் களியக்காவிளை வழியாகத் திருவனந்தபுரம் இரண்டு மணி நேரம். களியக்காவிளை நெரிசலில் அரை மணி கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள்.

இரவு 7:45க்கு மணியை அடித்தேன். கயல்தான் திறந்தாள். போர்வையைப் பிரித்தவள் நீலத்தைப் பார்த்து முதலில் சிரித்துவிட்டாள். பிறகு மூடியில் இருந்ததைப் படித்தாள். சிரிப்பு நின்றது.

"இந்தப் பேரை யாரும்மா சொன்னது?"

"நான்தான் சொன்னேன்."

அவள் உள்ளே திரும்பி, "இம்ரான், இங்க வாயேன்" என்றாள். அவர் வருவதற்குள் நான் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனேன்.